எக்ஸ்ப்ளோ என்று தொடங்கிய சொல்

சொல்லின் முன்பாதி மட்டும்தான் விஜயனின் காதில் விழுந்தது. பின்பாதியைச் சாப்பாட்டு வண்டி நசுக்கிவிட்டது. குன்னூரின் அந்தப் பழைய மருத்துவமனைத் தரையில் அந்த வண்டி உருண்டால் மாடிவரைக்கும் கேட்கும். சர்ஜன் ஹன்னா, ரேணுகாவின் வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்துவிட்டு, வாசலருகே நின்று நர்ஸ் உமாராணியிடம், "நாளைக்குக் காலையில எக்ஸ்ப்ளோ..." என்றார். வண்டி கடந்தது. "...க்கு போஸ்ட் பண்ணிடுங்க" என்று முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

போஸ்ட் பண்ணுவது என்றால் ஆபரேஷன் வரிசையில் பெயரைச் சேர்ப்பது. அது விஜயனுக்குத் தெரியும். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு கற்றுக்கொண்ட சொற்களில் அதுவும் ஒன்று. தெரியாதது அந்த மற்றச் சொல். எக்ஸ்ப்ளோ என்று தொடங்குவது எது?

வேறு யாராவது அங்கே நின்றிருந்தால் அந்தப் பாதிச் சொல்லைப் பாதியாகவே விட்டிருப்பார்கள். ஆனால் விஜயன் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். நுழைவாயிலில் தீப்பெட்டியையும் கைபேசியையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போகிற வேலை. எக்ஸ்ப்ளோ என்று தொடங்குகிற சொல் அவனுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அங்கே சுவரில், லாரியில், பெட்டியின் மேல், பயிற்சி வகுப்பின் கரும்பலகையில் என்று எங்கும் சிவப்பில் எழுதியிருக்கும். காது பாதியைக் கொடுத்தால் மீதியை மனம் தன் கையிருப்பிலிருந்து எடுத்துத்தானே ஒட்டும்? விஜயனின் மனம் எக்ஸ்ப்ளோசிவ் என்று ஒட்டிக்கொண்டது.

ஆனாலும் அது பொருந்தவில்லை. வயிற்றில் எப்படி வெடிமருந்து இருக்கும்? அவன் கைபேசியை எடுத்து, ஆங்கிலத்தில் நாலெழுத்து அடித்தான். கைபேசியும் அவனை மாதிரியே யோசித்தது. நாலெழுத்துக்கு மேல் அடிக்கவிடாமல் எக்ஸ்ப்ளோசிவ் என்று முழுச்சொல்லை முன்னால் நீட்டியது. அதோடு சர்ஜரி என்பதையும் சேர்த்துத் தேடினான். எங்கோ ஒரு போர்க்களத்தில், வெடிக்காத குண்டை ஒரு சிப்பாயின் உடம்பிலிருந்து எடுப்பதற்காக மணல் மூட்டை அடுக்கி நிற்கும் டாக்டர்களின் படம் வந்தது. கைபேசியை அணைத்துவிட்டான்.

மகள் தாரிணியிடம் கேட்டிருந்தால் ஒரு வினாடியில் சொல்லியிருப்பாள். கோயம்புத்தூரில் அவளுக்குக் கடைசிப் பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. "அவளுக்கு ஒரு வார்த்தை போச்சுன்னா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்று ரேணுகா சொல்லிவைத்திருந்தாள். வாந்தியும் வலியும் மாறிமாறி வந்து, சாப்பிடவே முடியாமல் உடம்பு பாதியாக இளைத்துக் கிடப்பவள் சொன்னதை மீற அவனுக்கு மனம் வரவில்லை.

எனவே மருந்து கொடுக்க வந்த உமாராணியைத்தான் மடக்கினான்.

"ஏனுங்க சிஸ்டர், இவங்களுக்கு உள்ள... வெடிக்கிற மாதிரி எதாச்சும் இருக்குதுங்களா?"

உமாராணி ஊசியில் இருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டே, "இப்பவே ஒன்னும் வெடிக்காதுங்க. குடல் அடைச்சிருக்குதில்ல? அப்படியே உட்டுட்டா வெடிச்சாலும் வெடிச்சிரும். அதுக்குத்தானே டாக்டர் நாளைக்கே போஸ்ட் பண்ணச் சொல்லிட்டாங்க" என்றார்.

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அடைபட்ட குடல் ஊதிஊதி ஒரு கட்டத்தில் கிழிந்துபோகலாம். அதைத் தமிழில் எல்லோரும் வெடித்துவிட்டது என்றுதான் சொல்கிறோம். கேட்டவன் வேறொன்றைக் கேட்டான், சொன்னவர் வேறொன்றைச் சொன்னார், இரண்டும் நடுவில் ஒரே சொல்லில் வந்து சரியாகப் பொருந்திக்கொண்டன. தப்பான விடை இப்படி வேறொரு வாயிலிருந்து உறுதியாகிவிட்டால் அதற்குப் பிறகு அதைச் சந்தேகிக்க எவனுக்குத் தோன்றும்?

விஜயன் தன் வேலையைத் தொடங்கினான். ஆபத்தான பொருள் இருக்கும் இடத்தில் முதலில் செய்ய வேண்டியது சூட்டை அப்புறப்படுத்துவது. ரேணுகாவின் வயிற்றின் மேல் சுடுதண்ணீர்ப் பை இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெண்மையாகிக் கிடந்த அந்த மத்தியானத்தில் அவளுக்கு இருந்த ஒரே சுகம் அதுதான். அதைப் போர்வைக்குள் கைவிட்டு உருவினான்.

ரேணுகா கண்ணைத் திறந்தாள். "ஏனுங்க, அதை ஏன் எடுக்கறீங்க?"

"சூடு ஆகாது."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். நீ அசையாம படு."

"குளிருதுங்க."

"இன்னொரு போர்வை போடறேன். புரண்டு படுக்காத. இருமல் வந்தா மெதுவா இருமு."

"இருமறதுல மெதுவா வேற இருமோணுமா?" என்று முனகிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போர்வைக்குள் அவள் உடம்பு நடுங்குவது தெரிந்தது. விஜயன் வெதுவெதுப்பான பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அது இரண்டு கட்டில் போட்ட அறை. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்டாயி என்ற அம்மாள் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அவருக்குத் துணையாக இருந்த மகன் பாலசுப்பிரமணியம், குந்தா மின் நிலையத்தில் வேலை செய்பவர். சும்மா இருக்கத் தெரியாதவர். வந்த அன்றே கட்டிலின் ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்திருந்தார். அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, விஜயனின் தோளைத் தொட்டு, வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"ஏனுங்க, அந்த அம்மணிகிட்ட இருந்து எதுக்குங்க பையைப் புடுங்கிட்டீங்க? சண்டையா?"

விஜயன் இரண்டு பக்கமும் பார்த்தான். "வெளிய சொல்லாதீங்க. வயித்துக்குள்ள எக்ஸ்ப்ளோசிவ் இருக்குதுங்க."

பாலசுப்பிரமணியம் அவனையே பார்த்தார். "உங்க ஊட்டு அம்மணிக்கா?"

"ஆமாங்க."

"எப்படிங்க? முழுங்கிட்டாங்களா?"

"தெரியலீங்க. டாக்டரே சொன்னாங்க. நாளைக்குக் காலையில எக்ஸ்ப்ளோசிவ்க்குப் போஸ்ட் பண்ணிடுங்கன்னு. நர்ஸைக் கேட்டேன், உட்டா வெடிச்சிரும்னாங்க."

பாலசுப்பிரமணியம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். "அட சாமி. நான் கதவுகிட்டத்தானுங்க உக்காந்திருந்தேன். எனக்கு முழுசாக் கேட்டுச்சு. எக்ஸ்ப்ளோரேட்டரி. எக்ஸ்ப்ளோ-ரேட்-டரி. அது வேறங்க, இது வேற. அருவங்காட்டுக்காரருக்கு எல்லாமே வெடிமருந்தாத்தான் கேக்குமாட்ட இருக்குது!"

"அப்படின்னா?"

"எங்க பக்கம் அந்த வார்த்தை தெனமும் பொழங்கறதுங்க. மலைக்குள்ள பெரிய டன்னல் வெட்டோணும்னு வெச்சுக்கங்க. உள்ள பாறை எப்படி இருக்குது, தண்ணி இருக்குதா, மண்ணா, ஒன்னும் தெரியாது. அதுக்குன்னு மொதல்ல ஒரு சின்னப் பொந்து வெட்டுவாங்க. ஆள் குனிஞ்சு போற அளவுக்கு. அந்தப் பொந்துல தண்ணியும் உடமாட்டாங்க, வண்டியும் உடமாட்டாங்க. சும்மா போயிப் பாக்கறதுக்கு. அது எக்ஸ்ப்ளோரேட்டரி டன்னல். துளை போட்டுக் கல்லை உருவிப் பாத்தா எக்ஸ்ப்ளோரேட்டரி போர். பரண் மேல இருட்டுல கையை உட்டு என்ன இருக்குதுன்னு துளாவறமில்லீங்களா? அதேதான்." விரலை உயர்த்தி, "ஆனா ஒன்னு, அந்தப் பொந்து வெட்டறதுக்கு எக்ஸ்ப்ளோசிவ் வேணுமுங்க. அந்த வகையில ரெண்டும் சொந்தக்காரங்கதான்" என்று மறுபடியும் சிரித்தார்.

இந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். அது பெயரடை. பெயரடை தனியாக நிற்காது. சிவப்பு என்று மட்டும் சொன்னால் சேலையா, பேருந்தா, மிளகாயா என்று தெரியாது. எக்ஸ்ப்ளோரேட்டரி என்பதற்குப் பின்னாலும் ஒரு பெயர் இருந்தது. வயிற்றைத் திறப்பதற்கான நீண்ட மருத்துவப் பெயர். தினமும் சொல்கிறவர்களுக்கு நாக்கு வலிக்கும் என்பதால் ஆஸ்பத்திரிகளில் அதை வெட்டிவிட்டு, அடையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தலை போய் தலைப்பாகை மட்டும் வராந்தாவில் நடந்து போகிறது. விஜயன் பார்த்துப் பயந்தது அந்தத் தலைப்பாகையைத்தான்.

இன்னொன்றும் உண்டு. இதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் இன்வெஸ்டிகேஷன் என்று பெயர். அதுவும் தேடுவதுதான், எக்ஸ்ப்ளோரேட்டரியும் தேடுவதுதான். ஆனால் தேடல் இரண்டு வகை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பவர், தான் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் தேடுகிறார். கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரேட்டரி என்று சொல்ல வேண்டி வருவது அந்தப் பெயர்கூட இல்லாதபோது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்பதை ஒரே சொல்லில் ஒப்புக்கொள்வது அது.

விஜயனும் சிரித்தான். பல நாள்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஆனால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப... என்ன நோய்னே தெரியாமதான் நாளைக்குக் கிழிக்கப் போறாங்களா?"

பாலசுப்பிரமணியத்தின் முகத்திலும் சிரிப்பு அணைந்தது. "அதைத்தானுங்க அந்த வார்த்தை சொல்லுது" என்றார் மெதுவாக.

வெடிமருந்து என்று நினைத்தவரை விஜயனுக்குப் பயம் இருந்தது. ஆனால் அது தெரிந்த பயம். வெடிமருந்தை என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குப் பழக்கம். சூட்டை விலக்கு, உரசலை விலக்கு, ஆளை விலக்கு. இப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் அவனுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம், இன்னதென்று தெரியாத எதையும் திறக்காதே என்பது. அதையே ரேணுகாவுக்கு நாளைக் காலையில் செய்யப் போகிறார்கள்.

உள்ளே போய்ச் சுடுதண்ணீரை மாற்றிப் பையை அவள் வயிற்றின் மேல் வைத்தான்.

"இப்ப மட்டும் எதுக்குங்க குடுக்கறீங்க?"

"வெச்சுக்க. ஒன்னும் பண்ணாதாம்."

"முன்ன என்ன பண்ணும்னு இருந்தீங்க?"

"அது வேற ஒரு வார்த்தை" என்று சொல்லிவிட்டு, அவள் மேற்கொண்டு கேட்பதற்குள் டாக்டரின் அறைக்குப் போனான்.

டாக்டர் ஹன்னா அப்போதுதான் டீக்கோப்பையைக் கையில் எடுத்திருந்தார். அவனைப் பார்த்ததும் அதைத் தட்டால் மூடிவைத்தார். விஜயன் உட்காரவில்லை.

"மேடம், எங்க வேலையில தெரியாத பொருளைத் திறக்கவே கூடாதுங்க. நீங்க தெரியாததுனாலதான் திறக்கறோம்னு சொல்றீங்க. எனக்கு மனசு ஒப்பலீங்க."

"உக்காருங்க. ஸ்கேன்லயே தெரிஞ்சிருந்தா உங்களுக்கு முன்னாடி எனக்குத்தான் சந்தோஷம்" என்றார் ஹன்னா. "ஆனா நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பர்லியார் தாண்டி மலை ஏறும்போது பனிமூட்டம் வந்தா ஹெட்லைட் போடுவீங்க இல்லையா? என்ன தெரியும்?"

"பனிதான் வெளுப்பாத் தெரியும்."

"ரோடு தெரியாது. ஸ்கேனுக்கும் அதே கதை. குடல் ஊதியிருக்கு, நடுநடுவுல தண்ணி நிக்குது. ஓர் இடத்துல அடைப்பு இருக்குன்னு தெரியுது. அடைக்கிறது எதுன்னு தெரியல. ரேணுகாவுக்கு ஏற்கெனவே சிசேரியன் ஒன்னு, அப்பென்டிக்ஸ் ஒன்னுன்னு ரெண்டு ஆபரேஷன் ஆகியிருக்கு. ஆறின தழும்புல குடல் ஒட்டிக்கிட்டிருக்கலாம். துணி தைக்கும்போது தெரியாம அடியில இருக்கிற மடிப்பும் சேர்ந்து தைபட்டுரும் பாருங்க, அது மாதிரி. அப்படின்னா பிரிச்சு விட்டாப் போதும். டிபியா இருக்கலாம். நுரையீரலுக்கு வர்ற அதே டிபி குடல்லயும் வரும். கட்டியாவும் இருக்கலாம். நான் உங்ககிட்ட ஒளிக்கல."

"கேமரா விட்டுப் பாக்கறாங்களேங்க?"

"அதுக்கு வயித்துக்குள்ள காத்தை நிரப்பி, கூடாரம் மாதிரி தூக்கி நிறுத்தணும். அப்பதான் கேமராவுக்கு இடம் கிடைக்கும். இங்க குடலே ஊதி இடத்தையெல்லாம் அடைச்சுக்கிட்டு நிக்குது. கையால தொட்டுப் பாக்கணும். வேற வழி இருந்தா நானே சொல்லியிருப்பேன்."

விஜயன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். குந்தாக்காரர் சொன்னதிலிருந்து வந்த கேள்வி அது. "மலையில சின்னப் பொந்து வெட்டிப் பாக்கற மாதிரி, பாக்கறதுக்குத்தானே திறக்கறீங்க? பாத்துட்டு மூடிட்டு, அப்பறம் அவகிட்டச் சொல்லிட்டு மத்ததைச் செய்வீங்களா?"

ஹன்னா கொஞ்சம் யோசித்தார். "மலையை வெட்டினா வெட்டினபடி நாள்கணக்கா விட்டு வைக்கலாம். வயித்தை அப்படி விட முடியாது. பாக்கற அன்னைக்கே முடிஞ்சவரைக்கும் சரிபண்ணிட்டு மூடணும். அவங்க மயக்கத்துல இருப்பாங்க. எதாவது பெரிய முடிவு எடுக்கணும்னா நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு வந்து உங்களைக் கேப்பேன். நீங்க அங்கயே சொல்லணும்."

வெளியே வந்த விஜயன் வராந்தாவின் கோடியில் ஜன்னலோரம் நின்றான். கீழே பேருந்து நிறுத்தத்தில் குடைகள் ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. தியேட்டர் வாசலில், கையுறை மாட்டிய டாக்டர் கதவைப் பாதி திறந்து, இதை எடுக்கட்டுமா விடட்டுமா என்று கேட்பதை நினைத்துப் பார்த்தான். எதை? எவ்வளவு? எடுத்தால் ரேணுகா எழுந்து என்ன சொல்வாள்? விட்டால் எழுந்திருப்பாளா? அந்த வாசலில் தன் வாயிலிருந்து என்ன வரும் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒன்றும் வராது என்றுதான் தோன்றியது.

கூடலூர் பக்கம் ஸ்ரீமதுரையில் இருக்கும் மைத்துனன் ராஜரத்தினத்துக்குப் போன் போட்டான். வாழைத்தோப்பில் மழைச் சத்தத்துக்கு நடுவே அவன் கத்தினான்.

"மச்சான், டாக்டர் பறயறதைக் கேட்டுக்குங்க. நீங்க பாத்து எது செஞ்சாலும் எங்களுக்குச் சம்மதம்."

"எனக்குத்தான் என்ன செய்யறதுன்னு தெரியல ராஜரத்தினம்."

"அதான் மச்சான், நீங்க பாத்துச் செய்ங்க."

போனை வைத்தான். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அவன் கையில் ஒன்றும் இல்லை.

அறைக்குத் திரும்பியபோது மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ரேணுகா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தாள்.

"வாங்க. நான் வெடிகுண்டாமே."

விஜயன் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தான்.

"அந்தண்ணன் அவங்கம்மாகிட்டச் சொல்லிச் சிரிச்சாரு. திரைதானே நடுவுல, செவுரா இருக்குது? கலியாணமாகி இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் கண்டுபுடிச்சீங்களா அதை?"

திரைக்கு அந்தப் பக்கம் பாலசுப்பிரமணியம் தேவையில்லாமல் இருமினார். ஆண்டாயியின் குரல், "வாயை மூடிட்டு இருடான்னேன், கேட்டியா?" என்றது.

ரேணுகா சிரிக்க முயன்றாள். வலி வந்து பாதியில் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடி, அது விலகும்வரை பொறுத்திருந்து, பிறகு வேறு குரலில் கேட்டாள். "நெசமான வார்த்தை என்னங்க?"

அவன் மறைத்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் நின்றது. இனிமேல் மறைக்கத் தெம்பும் இல்லை. கட்டிலோரத்தில் உட்கார்ந்து சொன்னான். இருட்டில் துழாவுவதைச் சொன்னான், பனிமூட்டத்தைச் சொன்னான், தையலில் மாட்டிய துணியைச் சொன்னான். டிபியைச் சொன்னான். கட்டி என்ற சொல்லுக்கு வந்தபோது குரல் இறங்கியது, ஆனாலும் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதோரம் இறங்கியது. துடைக்கவில்லை.

"துளாவறப்ப கையில எதாச்சும் தட்டுப்பட்டா?" என்றாள். "அதை எடுத்துருவாங்களா, அங்கயே உட்ருவாங்களா?"

"வாசலுக்கு வந்து என்னையக் கேப்பாங்களாம்."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பெரியக்காவை இப்படித்தான், வயித்துல கட்டின்னு கூட்டிட்டுப் போயி, கர்ப்பப்பையை எடுத்துட்டு அனுப்புனாங்க. மாமாகிட்டக் கேட்டாங்களாம். அவரு சரின்னுட்டாராம். பாவம், அவரு வேற என்ன சொல்லுவாரு? பயந்துபோயி நின்னிருப்பாரு. ஆனா அக்காவுக்கு வீட்டுக்கு வந்த பொறவுதான் தெரியும். இன்னைக்கு வரைக்கும் மாமாவோட சரியாப் பேசறதில்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வாசல்ல வந்து உங்களைக் கேக்கறாங்கல்ல? அதையே இப்ப என்னையக் கேட்டா நான் சொல்லிருவேன். நாளைக்குத்தானே எனக்கு மயக்கம்? இப்ப முழிச்சுத்தானே இருக்கறேன்?"

விஜயன் அவளையே பார்த்தான். இவ்வளவு நேரம் வராந்தாவுக்கும் டாக்டர் அறைக்கும் ஜன்னலுக்கும் அலைந்தவன், ஒரு முறைகூட இந்தக் கட்டிலுக்கு வந்து கேட்கவில்லை. நோயாளியிடம் சொல்லக் கூடாது என்று அவனுக்கு யாரும் கட்டளையிடவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று அவனும் செய்திருந்தான்.

விஜயன் போய்க் கூப்பிட்டபோது ஹன்னா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மழைக்கோட்டின் ஒரு கையை மாட்டியவர் அதைக் கழற்றிவிட்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரேணுகாவின் எதிரே உட்கார்ந்தார். உமாராணி கேஸ் தாளோடு பக்கத்தில் நின்றார்.

"உள்ள என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாது ரேணுகா. ஆனா என்னென்ன இருக்கக்கூடும்னு தெரியும். ஒவ்வொன்னாச் சொல்றேன். அது இருந்தா நான் என்ன செய்யலாம்னு நீங்க சொல்லுங்க."

"சொல்லுங்க மேடம்."

"குடல் தழும்புல ஒட்டியிருந்தா?"

"பிரிச்சு உட்ருங்க."

"குடல்ல ஒரு பகுதி ரத்தம் போகாம கருத்துப் போயிருந்தா, அதை அப்பவே வெட்டி எடுக்கணும். விட்டா உயிருக்கு ஆபத்து."

"எடுத்துருங்க. அதுக்கு இவரைக் கேட்டுட்டு நிக்காதீங்க."

"ரெண்டு முனையையும் உடனே சேத்துத் தைக்க முடியாமப் போகலாம். அப்ப கொஞ்ச மாசத்துக்கு வயித்துல வெளியில ஒரு பை வைக்க வேண்டி வரும். மலம் அதுல வரும். அப்பறம் சேத்துருவோம்."

ரேணுகா கண்ணை மூடினாள். விஜயன் அவள் கையைப் பிடித்தான். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. "உசுரோட இருக்கறதுக்குத்தானே? வையுங்க" என்றாள்.

"டிபி மாதிரி தெரிஞ்சா சின்னத் துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பிட்டு மூடிருவேன். மாத்திரையிலயே சரியாகும். கட்டி இருந்து அது குடலை அடைச்சிருந்தா, அடைப்பைத் தாண்டி வழி செய்யணும். அது அன்னைக்கே செஞ்சாகணும்."

"செய்ங்க."

"கர்ப்பப்பைலயோ சினைப்பைலயோ எதாவது பாத்தா?"

"அது அன்னைக்கே உசுருக்கு ஆபத்துங்களா?"

"ரத்தம் கொட்டினா ஆபத்து. இல்லைன்னா அன்னைக்கே இல்லை. சில வாரம் பொறுக்கலாம்."

"அப்ப ரத்தம் கொட்டுனா எடுங்க. இல்லைன்னா துண்டு எடுத்துப் பாத்துட்டு மூடிருங்க. நான் முழிச்சப்பறம் என்கிட்டச் சொல்லுங்க. நான்தான் சொல்லுவேன். இவரைக் கேட்டா இவரு பயத்துல எதுக்கும் தலையாட்டிருவாரு."

"ஆமாங்க மேடம், ஆட்டிருவேன்" என்றான் விஜயன்.

ஹன்னா கேஸ் தாளை வாங்கினார். வழக்கமான ஒப்புதலுக்குக் கீழே, தமிழிலேயே, ஒவ்வொன்றையும் எழுதி, எழுதியதை ரேணுகாவிடம் வாசித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்த அறையில் அப்போதும் யாருக்கும் தெரியாது. விஜயனுக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் நாளைக்குத் தியேட்டர் வாசலில் அவன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி எதுவும் மிச்சம் இல்லை.

முடிவு இதுதான்: வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள். ஒட்டியிருந்தால் பிரிப்பார்கள். கருத்திருந்தால் வெட்டுவார்கள், தேவைப்பட்டால் பை வைப்பார்கள். குடலை அடைத்த கட்டியானால் வழி செய்வார்கள். உடனடியாக உயிரைத் தொடாத எதுவானாலும் சின்னத் துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிட்டு, ரேணுகா கண் விழிக்கும்வரை காத்திருந்து, அவளைக் கேட்பார்கள்.